டைல்ஸ் காய்வதற்குள் சொல்லிவிடுங்கள்

போன மாதம் அரவேனுவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். கோவையிலிருந்து வந்து பழைய வீடு ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கும் இளம் தம்பதி. புதுக் குளியலறையைக் காட்டினார்கள், பளபளவென்று இருந்தது. ஒரு மக் தண்ணீரைத் தரையில் ஊற்றினேன். வடிகால் ஜாலி இருக்கும் மூலைக்குப் போகாமல் தண்ணீர் கதவுப் பக்கம் திரும்பி, நிலைப்படியை ஒட்டித் தேங்கி நின்றது. "அண்ணா, ஒட்டுற அன்னிக்கே எங்களுக்குத் தெரிஞ்சுது. மேஸ்திரிகிட்ட எப்படிக் கேக்கறதுன்னு விட்டுட்டோம்" என்றார் அந்தப் பெண்.

16 வருடத்துக்கு முன் கோத்தகிரியில் எங்கள் வீட்டில் நான் செய்ததும் இதேதான். அதற்கப்புறம் வெளியூர்க்காரர்களின் வீடுகளைப் பராமரிக்கும் வேலைக்கு வந்து, 40க்கும் மேற்பட்ட குளியலறைகளை உடைத்தும் கட்டியும் பார்த்துவிட்டேன். கோடு வளைவது, மூலையில் சில்லு போவது, நிறம் மாறுவது எல்லாம் பார்த்தாலே தெரியும். அவற்றை விட்டுவிட்டு, டைல்ஸ் வேலையில் வீட்டுக்காரர்கள் நாம் செய்யும் தவறுகளைச் சொல்கிறேன்.

## பார்த்த அன்றே நிறுத்தச் சொல்லாதது

இது ஒன்றுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எங்கள் பக்கம் டைல்ஸ் ஒட்டத் தெரிந்தவர்கள் குறைவு. மேட்டுப்பாளையம், காரமடையிலிருந்து காலை பஸ்ஸில் ஏறி வருவார்கள். நாலு மணிக்கெல்லாம் கை கழுவிவிட்டு இறங்கிவிடுவார்கள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் வரமாட்டார்கள். இவரையும் பகைத்துக்கொண்டால் வேறு ஆளுக்கு எங்கே போவது என்ற பயம் மலையில் வீட்டுவேலை வைத்திருக்கும் எல்லோருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது.

அம்மாவுக்காகக் கட்டிய குளியலறை அது, 5க்கு 7 அடி. இரண்டாம் நாள் மாலை தரையில் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி நட்ட நடுவில் நின்றது. தரை மட்டமாக இருந்தது, மட்டமாக இருக்கவே கூடாத இடத்தில். கேட்டதற்கு மேஸ்திரி, "சார், க்ரவுட் அடிச்சு முடிச்சா தண்ணி தானா ஓடிடும். மிச்சத்த வைப்பர்ல தள்ளிக்கலாம்" என்றார். க்ரவுட் என்பது டைல்ஸ் இடுக்கை அடைப்பது. அதற்கும் வாட்டத்துக்கும், அதாவது தண்ணீர் ஓடுவதற்கான சரிவுக்கும், ஒரு சம்பந்தமும் கிடையாது. அது தெரிந்தும் சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அன்று மாலை கலவை பச்சையாகத்தான் இருந்தது. கரண்டியால் நெம்பியிருந்தால் டைல்ஸ் முழுசாக வந்திருக்கும். கழுவி எடுத்து வைத்து, மறுநாள் கலவையை வாட்டமாக இழுத்துப் போட்டிருக்கலாம். அரை நாள் கூலியும் ஒரு மூட்டை சிமெண்டும்தான் செலவு.

மூன்றே மாதத்தில் படுக்கையறைப் பக்கச் சுவரில் ஒரு சாண் உயரத்துக்கு வெள்ளையாக உப்புப் பூத்தது. தொட்டால் பெயிண்ட் பொருக்குப் பொருக்காகக் கையோடு வந்தது. மலையில் நனைந்த சுவர் சமவெளி மாதிரி நாலு நாள் வெயிலில் காய்ந்துவிடாது. அலமாரியின் அடிப்பலகை ஊறிப்போய், உள்ளே மடித்து வைத்திருந்த அம்மாவின் கம்பளிகளில் பூஞ்சை பிடித்தது. உடைத்தோம். டைல்ஸோடு அடியிலிருந்த வாட்டர் ப்ரூஃபிங் பூச்சும் பெயர்ந்து வந்தது. சுவருக்குள் போகும் வெந்நீர்க் குழாய் அதிர்ச்சியில் ஓரிடத்தில் விரிசல் விட்டது. மொத்தம் 62 ஆயிரம் ரூபாய். அந்த ஒன்றரை மாதமும் அம்மா 70 வயதில், கார்த்திகைக் குளிரில், டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே இருந்த பழைய குளியலறைக்குப் போய்வந்தார். பணம் போனதை மறந்துவிட்டேன். டார்ச் வெளிச்சம் முற்றத்தைக் கடந்து போனதை மறக்க முடியவில்லை.

அடிக்கு சுமார் 4 மில்லிமீட்டர், அதாவது மீட்டருக்கு சுமார் 13 மில்லிமீட்டர் வாட்டம் வேண்டும். ஜாலியிலிருந்து கதவு 7 அடி தள்ளி இருந்தால், கதவடியில் தரை ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும். முதல் டைல் போடும் முன்பே நூல் கட்டி இதை அளந்துவிடுங்கள். தினமும் ஆட்கள் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போய்ப் பாருங்கள். தப்பாக இருந்தால் நான் இப்படித்தான் சொல்வேன்: "மேஸ்திரி, பச்சையா இருக்கும்போதே எடுத்துடுவோம். அரை நாள் கூலி நான் தர்றேன்." அவர் தவறுக்கு நாம் ஏன் கூலி தர வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் அவருடைய மரியாதையும் நிற்கிறது, வேலையும் நடக்கிறது. இத்தனை வருடத்தில் கோபித்துக்கொண்டு இறங்கிப்போனவர்கள் இரண்டே பேர்.

## விட்ரிஃபைடு டைல்ஸைச் சிமெண்ட் பாலில் ஒட்டுவது

பழைய செராமிக் சுவர் டைல்ஸ் தண்ணீரை நன்றாக உறிஞ்சும், அதனால் சிமெண்ட் பிடித்துக்கொள்ளும். கண்ணாடி போல இறுகச் சுட்ட விட்ரிஃபைடு டைல்ஸ் உறிஞ்சுவது 0.5 சதவீதம்கூட இல்லை. சிமெண்ட் பாலுக்கு அங்கே பிடிமானமே கிடையாது. டைல் அட்ஹெசிவ் என்ற ஒட்டுக் கலவைதான் வேண்டும், மூட்டையில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அட்ஹெசிவ் வாங்கிக் கொடுத்தாலும் சிலர் டைலின் பின்னால் நாலு மூலைக்கும் நடுவுக்கும் கொழுக்கட்டை மாதிரி ஐந்து உருண்டை வைத்துச் சுவரில் அழுத்திவிடுவார்கள். மற்ற இடமெல்லாம் வெற்றிடம். பல் வைத்த கரண்டியால் முழுக்க இழுத்துத்தான் ஒட்ட வேண்டும்.

ஒட்டி மூன்று நாள் கழித்து ஒவ்வொரு டைலையும் ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். "டக்" என்று கெட்டியாகக் கேட்டால் சரி. "டொப்" என்று கேட்டால் உள்ளே காற்று. அந்த டைலில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுப் படம் எடுத்துவிடுங்கள். இங்கே காலையில் சில்லென்று கிடக்கும் சுவரில் கீசர் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கப் படும். டைல் தினமும் விரிந்து சுருங்கும். உள்ளே காற்று இருப்பதுதான் முதலில் கழன்று வரும்.

## மார்கழியில் அவசரப்படுத்துவது

குளிரில் சிமெண்ட் மெதுவாகத்தான் இறுகும். உறைபனி விழும் ஊட்டிப் பக்கம் கேட்கவே வேண்டாம். கீழே மறுநாள் க்ரவுட் அடிப்பார்கள் என்றால் இங்கே மூன்று நாள் விடுங்கள். பொங்கலுக்குள் பால் காய்ச்ச வேண்டும் என்று நெருக்கினால் அவர்களும் ஈரத்தின் மேலேயே அடித்துவிட்டுப் போவார்கள்.

## மேலே எபாக்ஸி (பிசின் க்ரவுட்) அடித்தால் சரியாகும் என்று நம்புவது

ஆகாது.

## மீதி டைல்ஸைக் கடையில் திருப்பிக் கொடுப்பது

ஒரு பெட்டியாவது வைத்துக்கொள்ளுங்கள். அதே பேட்ச், அதே ஷேடு பின்னால் கிடைக்காது.

## முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுக் குறை சொல்வது

வேலை ஆரம்பிக்கும்போதே, கடைசி 10 சதவீதம் ஒரு வாரம் குளித்துப் பார்த்த பிறகுதான் என்று பேசிவிடுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். குறைகளைத் தேதியோடு வாட்ஸ்அப்பில் எழுதி, படத்தோடு அனுப்புங்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டும் சேவையும் அடக்கம். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. ஆனால் கையில் ரொக்கம், வாய்ப்பேச்சு என்று முடித்திருந்தால் அங்கே காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

அரவேனு தம்பதி நல்லவேளையாகக் கடைசித் தவணையைக் கொடுக்கவில்லை. மேஸ்திரியை வரவழைத்து, அவர் கையாலேயே ஒரு மக் தண்ணீரை ஊற்றச் சொன்னோம். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தரை முழுவதையும், சுவரின் அடிவரிசையையும் எடுத்துப் போட ஒப்புக்கொண்டார். டைல்ஸ் காசு இவர்களுடையது, கூலி அவருடையது. வரும் திங்கட்கிழமை உடைக்கிறார்கள்.