ஒருபக்கம் மட்டும் கேட்ட குரல்

இணையம் வழியே இயங்கும் கிளவுட் தொலைபேசிக்கு மாறிய முதல் வாரமே சிக்கல். நாங்கள் பேசுவது வாடிக்கையாளருக்குக் கேட்டது. அவர் பேசுவது எங்களுக்குக் கேட்கவில்லை. சேவை நிறுவனத்தைத் திட்டித் தீர்த்தேன். உண்மையான குற்றவாளி எங்கள் ரூட்டரில் இருந்த, இணைய அழைப்புத் தகவல்களை இடையில் மாற்றி அனுப்பும் ‘சிப் ஏஎல்ஜி’ (SIP ALG) அமைப்பு. அதை அணைத்ததும் பேச்சு சீரானது.

ஆனாலும் அங்கே நீடிக்கவில்லை. இதைச் சொல்ல அவர்களுக்கு நான்கு நாள் ஆனதே! அடுத்த நிறுவனத்தைத் தேடியபோது விலைப்பட்டியலைக் கடைசியில்தான் புரட்டினேன். முதல் வேலையாக நள்ளிரவில் உதவி எண்ணை அழைத்து, மனிதர் யாராவது எடுக்கிறாரா என்று பார்த்தேன். 99.9 சதவீத இயக்க உறுதி என்றாலும், ஆண்டுக்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிட முடக்கத்துக்கு அதில் இடமுண்டு. அப்போது அழைப்புகள் கைப்பேசிக்குத் திருப்பப்படுமா என்று கேட்டேன். பழைய எண் புதிய சேவைக்கு வந்து சேரும்வரை முந்தைய இணைப்பைத் துண்டிக்கவில்லை.