எஃப் கார்டு ஒலிக்கத் தொடங்கியது: என் அனுபவம்

கிட்டாரில் சி, ஜி, டி கார்டுகள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பவை) எல்லாம் எனக்கு நன்றாகவே வந்தன. எஃப் மட்டும் வரவில்லை. ஆள்காட்டி விரலால் ஆறு கம்பிகளையும் சேர்த்து அழுத்தினால், இரண்டு கம்பி 'டொக்' என்று அடங்கிப்போகும்.

எஃப் பிடிப்பது முதல் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை). ஒருநாள் அதே கை வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் வைத்துப் பார்த்தேன் (அங்கே அது ஏ கார்டு). ஆறும் கணீரென்று ஒலித்தன! அங்கே அழுத்துவது சற்று சுலபம்தான். ஆனால் இவ்வளவு வித்தியாசம் இருக்கக் கூடாது. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, இரண்டாவதில் பிடித்தேன். அங்கேயும் வந்தது. குறை என் விரலில் இல்லை, கழுத்தின் முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டில்தான்: அது கம்பிகளை அதிக உயரத்தில் நிறுத்தியிருந்தது, கேப்போ மாட்டியதும் அந்த உயரம் இல்லாமல் போனது.

மயிலாப்பூரில் கிட்டார் பழுதுபார்க்கும் அண்ணன் ஒருவர் மெல்லிய அரத்தால் நட்டின் பள்ளங்களைத் தேய்த்து ஆழமாக்கினார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி உயரத்தை 2 மில்லிமீட்டர் அளவுக்கு இறக்கி, .010 கம்பி செட் (அதில் மிக மெல்லிய கம்பியின் தடிமன் 0.010 அங்குலம்) போட்டுக் கொடுத்தார். சென்னை ஈரப்பதத்தில் மரம் உப்பிக் கம்பி மேலேறும், அதனால் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை பார்த்துக்கொள்ளச் சொன்னார். உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கும் என்பதால் வாசித்ததும் துணியால் துடைத்துவிடுகிறேன்.

அதன்பின் முதலில் நான்கு கம்பிகளை மட்டும் பிடித்து வாசிக்கும் எளிய எஃப் மட்டும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, சி-யிலிருந்து எஃப்-க்கு மாறினேன். பிறகு முழு எஃப் தானாக வந்தது.

கிட்டார் கற்க வகுப்பா யூடியூபா என்று யோசிப்பவர்களே, முதலில் கிட்டாரைத் தெரிந்தவரிடம் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.