நாயோடு ஹண்டிங்டன் ஏரிக்கு: முதல்முறை முகாம் போடுகிறவர்களுக்கு

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது ஹண்டிங்டன் ஏரி. பெயர்தான் ஏரி, உண்மையில் மின் உற்பத்திக்காக 1910-களில் அணை கட்டித் தேக்கிய தண்ணீர். இதே மலைத்தொடரில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவில் பெரும்பாலான நடைபாதைகளில் நாய்க்கு அனுமதி கிடையாது. இந்த ஏரி சியரா தேசிய வனத்துக்குள் வருவதால் நாயும் நம்மோடு நடக்கலாம். முதல் பயணத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

1. முன்பதிவு. கோடை வார இறுதிகள் சீக்கிரம் நிரம்பிவிடும். கரையை ஒட்டிய இடம் வேண்டாம். போகிற வருகிற எல்லோரையும் பார்த்து நாய் குரைத்துக்கொண்டே இருக்கும்.

2. வீட்டில் ஒத்திகை. டென்ட்டை வீட்டிலேயே விரித்து, ஓரிரு இரவு நாயை அதற்குள் தூங்க வையுங்கள். ரேபிஸ் தடுப்பூசிச் சான்று, போன் எண் எழுதிய காலர், 6 அடிக்கு மேல் நீளாத கயிறு மூன்றும் கட்டாயம் வேண்டும். முகாம் பகுதியில் கயிறில்லாமல் விடக்கூடாது.

3. தண்ணீர். அதிகக் கவனம் இங்கேதான் தேவை. கரைக்குப் போனதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் தண்ணீரைப் பாருங்கள். பச்சை பெயின்ட் கொட்டியதுபோல் படலமோ நுரையோ தெரிந்தால் அருகிலேயே விடாதீர்கள். அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகை நஞ்சு நாயைச் சில மணி நேரத்தில் கொன்றுவிடும். குடிக்கவே வேண்டாம், நனைந்த உடம்பை நக்கினாலே போதும். தண்ணீர் தெளிவாக இருந்தாலும் குடிக்க வீட்டுத் தண்ணீரையே கொடுங்கள்.

நீச்சலுக்குக் காலை நேரம் நல்லது. பிற்பகலில் இங்கே காற்று பலமாக வீசும். பாய்மரப் படகுக்காரர்கள் தேடி வருவதே அந்தக் காற்றுக்காகத்தான். முதுகில் கைப்பிடி உள்ள மிதவைச் சட்டை போட்டுவிட்டால், தேவைப்படும்போது சட்டென்று தூக்கிவிடலாம். தண்ணீர் பனி உருகி வந்தது. நடுங்க ஆரம்பித்தால் உடனே வெளியே எடுத்து, வயிற்றுப்பக்கம் வரை துண்டால் நன்றாகத் துவட்டுங்கள்.

4. இரவு. இது கருங்கரடி வாழும் காடு. நம் சாப்பாட்டோடு நாய்த்தீனி, அது சாப்பிட்ட கிண்ணம், பிஸ்கட் எல்லாம் முகாமில் உள்ள இரும்புப் பெட்டிக்குள் போகட்டும். நாயை வெளியே கட்டிப்போடாதீர்கள், டென்ட்டுக்குள் உங்களோடு படுக்கட்டும். கோடையிலும் இரவில் குளிரும், நாய்க்கும் தனியாக ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

5. கிளம்பும்போது. கழிவைப் பையில் எடுத்துக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். அப்புறம் காது மடல், கால்விரல் இடுக்கு, அக்குள் எல்லாம் விரலால் தடவி உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தினால் நாயைக் காய்ந்த புல்லுக்குள் விடாதீர்கள். அங்கே முளைக்கும் ஒருவகைப் புல்லின் கூரான கதிர் காதிலோ மூக்கிலோ ஏறினால் உள்ளேதான் போகும், தானாக வெளியே வராது. நாய் விடாமல் தும்மினாலோ தலையை உதறினாலோ நீங்களே குடைய வேண்டாம், நேராகக் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.