வெங்காய வேரில் செல் பிரிவதைக் கண்ணால் பார்ப்போம்

ஒரு செல் இரண்டாகப் பிரியும் மைட்டாசிஸின் நான்கு நிலைகளையும் படம் வரைந்து மனப்பாடம் செய்தவர்கள் ஏராளம். நேரில் பார்த்தவர்கள் கொஞ்சம்தான். ஒரு வெங்காயமும், பள்ளி ஆய்வகமும், கூட ஓர் ஆசிரியரும் இருந்தால் நீங்களும் பார்த்துவிடலாம்.

முதலில் வேர். வெங்காயத்தின் காய்ந்த பழைய வேர்களைச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் படும்படி டம்ளர் வாயில் உட்கார வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். சில நாளில் வெள்ளை வேர்கள் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்கு நீண்டுவிடும்.

காலை வேளையில் வேர் நுனிகளை வெட்டி, மூன்று பங்கு எத்தில் ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த கரைசலில் 24 மணி நேரம் போட்டு வையுங்கள். எந்தச் செல் எந்த நிலையில் இருந்ததோ, அப்படியே நின்றுவிடும்.

அடுத்த நாள், 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, வேரை அதில் ஐந்து நிமிடம் வைத்துக் கழுவுங்கள். செல்களை ஒட்டவைத்திருக்கும் பசை இளகும். அமிலத்தை ஆசிரியரே கையாளட்டும்.

இனிதான் பலரும் தவறுகிற இடம். கடைசி இரண்டு மில்லிமீட்டரை மட்டும் கண்ணாடித் தகட்டில் வைத்துக்கொண்டு, மீதி வேரைத் தூக்கிப் போடுங்கள். பிரியும் செல்கள் நுனியில்தான் இருக்கின்றன. மேலே போனால் நீண்டு வளர்ந்த செல்கள்தான் கிடைக்கும். எவ்வளவு தேடினாலும் ஒரு பிரிவுகூடக் கண்ணில் படாது.

அதன்மேல் ஒரு சொட்டு அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம். சில நிமிடம் கழித்து மூடுவில்லையை வைத்து, பென்சிலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டுங்கள். அப்புறம் உறிஞ்சுதாளைப் போட்டுக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். வில்லை பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் சுருண்டு வீணாகிவிடும்.

சரி, இப்போது நுண்ணோக்கி. பெரும்பாலான செல்களில் உருண்டையான உட்கருதான் தெரியும். ஏமாற வேண்டாம், இது ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் நடுவிலான இடைநிலை. டிஎன்ஏ இரட்டிப்பது இங்கேதான். பிரிவு தொடங்கும்போது அந்த வேலை முடிந்திருக்கும்.

சிக்கலான நூல்கண்டு மாதிரி சிவப்பாகத் தெரிந்தால் புரோஃபேஸ். 1882-இல் ஜெர்மன் உயிரியலாளர் வால்தர் ஃபிளெம்மிங் இந்த நூல்களைப் பார்த்துத்தான், நூல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து மைட்டாசிஸ் என்ற பெயரை உருவாக்கினார். இந்த நூல்கள், அதாவது குரோமோசோம்கள், செல்லின் நடுவே வரிசை கட்டினால் மெட்டாஃபேஸ். வெங்காயத்தில் அவை மொத்தம் 16. ஒவ்வொன்றும் குரோமேட்டிடுகள் எனப்படும் இரண்டு ஒத்த இழைகள் சேர்ந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அனாஃபேஸ். குரோமேட்டிடுகள் பிரிந்து, பக்கத்துக்கு 16 என்று எதிரெதிர் முனைகளுக்கு இழுபடும். நடுப்பகுதி முன்னே போக, கைகள் பின்னால் தொங்க, வளைந்து தெரியும். இழுக்கிற கதிர் இழைகள் இந்தச் சாயத்தில் தெரியாது. அந்த வளைவே அவை இழுப்பதைக் காட்டிவிடும்.

இரு முனையிலும் உட்கரு மறுபடி உருண்டுவருவது டீலோஃபேஸ். நடுவில் மெல்லிய கோடு தெரிகிறதா? அதுதான் செல் தட்டு. நடுவில் தொடங்கி ஓரம் வரை வளர்ந்து, இரண்டு செல்லுக்கும் இடையே சுவராகப்போவது அதுவே.