பிஎச்டி பண்றவங்க கைடு கிட்ட செய்யக்கூடாத தப்புகள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் காலேஜ்கள்ல பிஎச்டி பண்ற புள்ளைங்களுக்கு கைடு பெரும்பாலும் இங்கயே இருப்பாரு, ரிஜிஸ்ட்ரேஷன் மட்டும் திருநெல்வேலி பக்கம் அபிஷேகப்பட்டில மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டில. கைடு கையெழுத்து இல்லாம ஒரு பேப்பரும் அங்க நகராது, அந்த பயத்துலயே எல்லாத்துக்கும் "சரி சார்"னு தலையாட்டுறாங்க பாருங்க, அது தான் பெரிய தப்பு.

உதாரணத்துக்கு மீன் சம்பந்தமா டாபிக்னு வச்சுக்கோங்க. நம்ம மாவட்டத்துல சின்னமுட்டம் ஹார்பர் கிழக்குக் கரை கணக்கு, மீன்பிடி தடைக்காலம்னு ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் எல்லாம் மேற்குக் கரை, அங்க தடை ஜூன் 1லருந்து ஜூலை 31 வரை. வேற மாவட்டத்துல வளந்த கைடு ஒருத்தரு ஜூன் மொத ரெண்டு வாரத்துல ரெண்டு பக்கமும் போய் சாம்பிள் எடுத்துட்டு வாம்பாரு, நம்ம புள்ள கடக்கரை ஊர்லயே பொறந்திருந்தும் வாயத் தொறக்காது, பொறவு ஹார்பர்ல போய் சும்மா நின்னுட்டு வரும். அந்த நேரம் சின்ன வள்ளத்துல வர்ற மீன் தான் கிடைக்கும் சார், பிளானை மாத்தலாமான்னு கேட்டா எந்த கைடும் கோவிக்க மாட்டாரு. கோவிச்சாலும் ஒரு ஏச்சோட போச்சு.

அடுத்தது ஒளிஞ்சு திரியறது. வேலை நடக்கலன்னா போன் எடுக்காம இருக்கது, சார் வர்ற வழிய பாத்து வேற பக்கமா போறது, இதெல்லாம் எத்தன நாளைக்கு? ஒவ்வொரு செமஸ்டரும் ஆலோசனைக் குழு முன்னாடி ப்ரசன்டேஷன் குடுத்து தான ஆகணும், அங்க வச்சு கைடுக்கு புதுசா தெரிஞ்சா அவரும் கைய விரிச்சிருவாரு.

பேசி முடிச்சதும் இன்னது முடிவாச்சு சார்னு நாலு வரி மெயில் போட்ருங்க. வாட்ஸப் வாய்ஸ் நோட்ட நம்பாதீங்க மக்களே, ஆறு மாசம் கழிச்சு அத தேடி எடுக்கவே முடியாது.

சேர்றதுக்கு முன்னாடியே கைடுக்கு ரிட்டையர்மென்ட் எப்பன்னு விசாரிக்காம விடறதும் தப்பு தான். யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதிப்படி சர்வீஸ் மூணு வருஷத்துக்கும் கம்மியா இருந்தா புது ஸ்காலரை எடுக்க முடியாது. சரியா மூணு நாலு வருஷம் இருக்கவர்ட்ட சேர்ந்துட்டு பாதியில முழிக்கிறவங்களும் உண்டு, கோர்ஸுக்கு ஆறு வருஷம் வரைக்கும் போகலாம்ல. ஒரு கைடு கிட்ட ஒரே நேரத்துல இருக்க இடமும் கம்மி, அசிஸ்டன்ட் ப்ரொஃபசருக்கு 4, அசோசியேட்டுக்கு 6, ப்ரொஃபசருக்கு 8 பேரு தான்.

ஓணத்துக்கு நேந்திரங்கா சிப்ஸ் வாங்கி குடுக்கறதுல தப்பில்ல, ஆனா அதுக்காக சாப்டர சீக்கிரம் படிப்பாருன்னு எதிர்பாக்காதீங்க. அவர்ட்ட கேக்காம அவரு பேர போட்டு ஜர்னலுக்கு பேப்பர் அனுப்பிறாதீங்க, அது சிப்ஸால சரியாகாது.

தீசிஸ கடைசி நேரத்துல மொத்தமா கொண்டு போய் மேசையில வைக்கறதும் வேண்டாம். காப்பி இருக்கான்னு சாஃப்ட்வேர்ல போட்டு பாக்கற ரிப்போர்ட்ல, மத்தவங்க எழுதுனதோட ஒத்துப்போற அளவு 10 சதவீதத்த தாண்டி 40 வரைக்கும் வந்தா திருத்தி குடுக்க சொல்லுவாங்க, அதுக்கு அதிகபட்சம் ஆறு மாசம். அதனால ஒவ்வொரு சாப்டருக்கும் அந்த ரிப்போர்ட்ட நீங்களே மொதல்ல எடுத்து பாத்துட்டு, அதையும் சேத்தே கைடு கையில குடுங்க.