சுவிட்சில் ஏ.ஆர்.பி. டைம்-அவுட் அமைப்பது எப்படி?

வயர்ஷார்க்கை (நெட்வொர்க்கில் ஓடும் தரவைக் காட்டும் மென்பொருள்) திறந்தால் யாருக்கோ போக வேண்டிய யூனிகாஸ்ட் ட்ராஃபிக், அதாவது ஒரே ஒரு கருவிக்கான தரவு, உங்கள் போர்ட்டிலும் வந்து கொட்டுகிறதா? கேபிளைச் சந்தேகிக்கும் முன் ஏ.ஆர்.பி. டைம்-அவுட்டைப் பாருங்கள். ஏ.ஆர்.பி. என்பது ஓர் ஐ.பி.க்கு உரிய மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரி) கேட்டு அறியும் முறை; அந்தப் பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைப்பது என்பதே டைம்-அவுட். என் நெட்வொர்க்கில் இந்தத் தொல்லை தீர்ந்தது அங்கேதான். சிஸ்கோ லேயர் 3 சுவிட்சை (ஐ.பி. முகவரி பார்த்து வழி அனுப்பவும் தெரிந்த சுவிட்ச்) வைத்து எழுதுகிறேன். மற்ற சுவிட்சுகளில் கட்டளையும் எண்களும் மாறலாம், அடிப்படை மாறாது.

முடிந்தால் கன்சோல் கேபிளில் வேலை செய்யுங்கள். ஏ.ஆர்.பி.யில் கை வைக்கும்போது எஸ்.எஸ்.எச். (நெட்வொர்க் வழியாகச் சுவிட்சுக்குள் நுழையும் இணைப்பு) அறுந்துபோக வாய்ப்புண்டு.

முதலில் 'ஷோ ஐ.பி. ஏ.ஆர்.பி.' கொடுங்கள். ஒவ்வொரு பதிவின் வயதும் நிமிடங்களில் இருக்கும். 'இன்கம்ப்ளீட்' என்று வந்தால் சுவிட்ச் கேட்டது, பதில் வரவில்லை. அப்புறம் 'ஷோ மேக் அட்ரஸ்-டேபிள் ஏஜிங்-டைம்'. இது மேக் டேபிளின் ஆயுளைக் காட்டும்.

இங்கேதான் நிதானம் வேண்டும், நான் வெகுநேரம் நின்ற இடமும் இதுதான். ஏ.ஆர்.பி. டேபிள், எந்த ஐ.பி.க்கு எந்த மேக் முகவரி என்று வைத்திருக்கும். அதன் இயல்பான ஆயுள் 14,400 விநாடி, அதாவது 4 மணி நேரம். மேக் டேபிள், அந்த முகவரி எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று வைத்திருக்கும். அதன் ஆயுள் வெறும் 300 விநாடி. இரண்டு கோர் சுவிட்ச் இருந்து, ஒரு சர்வருக்குப் போகும் ட்ராஃபிக் ஒன்றின் வழியாகவும் அதன் பதில் மற்றொன்றின் வழியாகவும் போகிறது என்று வையுங்கள். பதிலைப் பார்க்காத சுவிட்ச் 5 நிமிடத்தில் போர்ட்டை மறந்துவிடும். மேக் முகவரி மட்டும் கையில் இருக்கும். வேறு வழியில்லாமல் அந்த வி-லேனின் (சுவிட்சுக்குள் தனியாகப் பிரித்த நெட்வொர்க்) எல்லாப் போர்ட்டுக்கும் ஃப்ரேமை, அதாவது தரவுப் பொட்டலத்தை, அனுப்பும்.

ஆகவே ஏ.ஆர்.பி. ஆயுள் 300-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும். சுவிட்ச் மறுபடி கேட்கும், வரும் பதிலே மேக் டேபிளையும் புதுப்பித்துவிடும்.

'கான்ஃபிகர் டெர்மினல்', 'இன்டர்ஃபேஸ் வி-லேன் 10', 'ஏ.ஆர்.பி. டைம்-அவுட் 270'. கணக்கு விநாடியில். ஒரு வி-லேனில் கொடுத்தது மற்றதற்குப் போகாது, ஒவ்வொன்றிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். 'ஷோ இன்டர்ஃபேஸ் வி-லேன் 10'-இல் 00:04:30 என்று தெரிந்தால் சரி. மறக்காமல் சேமியுங்கள்.

ஆயிரக்கணக்கான கருவிகள் இருந்தால் அடிக்கடி கேட்பது சுவிட்சின் சி.பி.யூ.வுக்குச் சுமை. அங்கே ஏ.ஆர்.பி.யை அப்படியே விட்டு, மேக் ஏஜிங்கை (மேக் டேபிளின் ஆயுள்) 14,400-க்கு ஏற்றுவதே என் தேர்வு. சின்ன நெட்வொர்க்குக்கு 270 போதும்.

பின்சேர்க்கை: 270 வைத்தும் நிற்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். ஸ்பானிங்-ட்ரீயை (சுவிட்சுகளுக்கிடையே ட்ராஃபிக் வட்டமடிக்காமல் தடுக்கும் முறை) பாருங்கள். டோபாலஜி மாற்றம் (இணைப்பு அமைப்பில் வரும் மாற்றம்) ஒவ்வொன்றும் மேக் டேபிளைச் சீக்கிரமே காலி செய்துவிடும். 'ஷோ ஸ்பானிங்-ட்ரீ டீடெய்ல்' கொடுத்தால் மாற்றம் எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்று தெரியும். கம்ப்யூட்டர், பிரிண்டர் மாட்டிய போர்ட்டுகளில் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள்; அந்தப் போர்ட் ஏறி இறங்குவது டோபாலஜி மாற்றமாகக் கணக்கில் வராது. இன்னொரு சுவிட்ச் மாட்டிய போர்ட்டில் மட்டும் போடவே போடாதீர்கள், லூப் உருவாகலாம்.