ஹோம் ஸ்டுடியோவுக்குக் கம்ப்யூட்டர் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் ஏறி "மியூசிக் புரொடக்‌ஷனுக்கு ஒரு சிஸ்டம் வேணும்" என்று கேட்டால், பெரும்பாலும் கேமிங் லேப்டாப்பைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். "பெரிய பெரிய கேமே இதுல ஓடும் சார், பாட்டு ஓடாதா?" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இசைக்கான கம்ப்யூட்டர் செய்யும் வேலையே வேறு மாதிரி. அது புரியாமல் வாங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே வருகின்றன.

சிடி தரத்தில் ஒரு விநாடி ஒலி என்பது 44,100 சாம்பிள்கள், அதாவது ஒலி அலையைத் துண்டு துண்டாக அளந்த எண்கள். கம்ப்யூட்டர் அவற்றைச் சிறு சிறு கட்டுகளாகக் கணக்கிட்டு அனுப்புகிறது. அந்தக் கட்டின் அளவைத்தான் பஃபர் என்கிறோம். பஃபரை 128 என்று வைத்தால் ஒரு கட்டுக்குக் கிடைக்கும் நேரம் 2.9 மில்லிசெகண்ட். அதற்குள் எல்லா டிராக்குகளும் (தனித்தனியாகப் பதிவான குரல், வாத்தியங்கள்), அவற்றில் போட்டிருக்கும் ரிவெர்ப், கம்ப்ரஸர் போன்ற ஒலி எஃபெக்டுகளும் கணக்கிட்டு முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் ஸ்பீக்கரில் 'டிக்' என்று வெடிக்கும். கேமில் ஒரு ஃபிரேம் தவறினால் பல நேரம் கண்ணுக்கே தெரியாது. வீடியோ ரெண்டர் பத்து நிமிடம் தாமதமானால் டீ குடித்துவிட்டு வரலாம். ஒலியில் ஒரே ஒரு கட்டு தவறினாலும் காதில் விழும். ஆக, இந்த வேலைக்கு மொத்த வேகத்தைவிட ஒரு தவணையும் தவறாத நிதானம்தான் முக்கியம்.

பஃபரை 512க்கு ஏற்றினால் 11.6 மில்லிசெகண்ட் கிடைக்கும், 1024க்கு 23. கம்ப்யூட்டருக்கு மூச்சு விட இடம் கிடைத்தாலும் பாடுகிறவருக்குத் தன் குரல் ஹெட்ஃபோனில் தள்ளி வரும். மைக்கிலிருந்து உள்ளே போக ஒரு பஃபர், ஹெட்ஃபோனுக்கு வெளியே வர இன்னொரு பஃபர் என்று கணக்கு இரட்டிக்கும். மேலே ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் பெட்டி) எடுத்துக்கொள்ளும் நேரமும் சேரும். கமகம் பிடித்துப் பாடுகிறவர் இதில் தடுமாறுவார். மிருதங்கம், கீபோர்டு வாசிப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரமே இடறும்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. பெரும்பாலான ஆடியோ இன்டர்ஃபேஸ்களில் டைரக்ட் மானிட்டரிங் வசதி இருக்கிறது. மைக்கில் வரும் குரல் கம்ப்யூட்டருக்குள் போய்த் திரும்பாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு வந்துவிடும். தயாரான டிராக்கின் மேல் குரல் மட்டும் பதிவு செய்கிறவர் என்றால் உங்களுக்கு இது போதும். இருக்கிற பழைய கம்ப்யூட்டரையே வைத்துக்கொண்டு நல்ல மைக் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவது

'16 கோர்', '24 கோர்' என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும். கோர் என்பது பிராசஸருக்குள் தனியாகக் கணக்கிடும் ஒரு பகுதி. ஒரு குரல் டிராக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்ச் கரெக்‌ஷன், அப்புறம் ஈக்யூ, அப்புறம் கம்ப்ரஸர், கடைசியில் டீ-எஸ்ஸர். ஒன்று முடித்துக் கொடுத்தால்தான் அடுத்தது தொடங்க முடியும். அதனால் ஒரு டிராக்கின் இந்த வரிசை முழுவதையும் பொதுவாக ஒரே கோர்தான் சுமக்கிறது. மாஸ்டர் டிராக் இன்னும் மோசம். எல்லா டிராக்கும் வந்து சேர்ந்த பிறகுதான் அதன் வேலையே ஆரம்பம். அங்கே கனமான லிமிட்டர் ஒன்றைப் போட்டால் அந்த ஒரு கோர் திணறும். மற்றவை சும்மா இருக்கும். டாஸ்க் மேனேஜரில் சிபியு 30 சதவீதம்தான் காட்டுகிறது, ஆனாலும் ஒலி உடைகிறது என்று பலர் குழம்புவது இதனால்தான்.

எனவே இரண்டு பிராசஸர்களை ஒப்பிடும்போது கீக்பெஞ்ச், சினிபெஞ்ச் போன்ற சோதனைகளில் சிங்கிள் கோர் மதிப்பெண்ணை முதலில் பாருங்கள். கோர் எண்ணிக்கை தேவையே இல்லை என்று சொல்ல வரவில்லை. எண்பது, நூறு டிராக்கில் ஸ்ட்ரிங்ஸ், பிராஸ் என்று முழு ஆர்கெஸ்ட்ரா எழுதுகிறவருக்கு வேலை பல கோர்களுக்கும் பிரிந்து போகும். அவருக்கு அது காசுக்கேற்ற பலன்தான்.

பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து. 'ஐ7' என்ற ஒரு சொல்லை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பழைய தலைமுறை ஐ7-ஐப் புதிய ஐ5 எளிதாக முந்திவிடும். இன்டெல் லேப்டாப் பிராசஸர் பெயரின் கடைசியில் 'யு' இருந்தால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் வகை, 'ஹெச்' இருந்தால் கூடுதல் சக்தி உள்ள வகை. செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் பார்க்கிறவர்களுக்கு இன்னொன்று: இன்டெல் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் பலவற்றில் அளவுக்கு மீறிய வோல்டேஜால் நிலைகுலையும் சிக்கல் இருந்தது. 2024இல் இன்டெல் அதற்குத் திருத்தம் வெளியிட்டு, பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. ஆனால் ஏற்கெனவே பழுதான சிப்பை அந்தத் திருத்தம் குணப்படுத்தாது. முந்தைய உரிமையாளர் இந்தத் திருத்தம் அடங்கிய பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டைச் செய்து வைத்திருந்தாரா என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

கிராபிக்ஸ் கார்டுக்குக் கொட்டும் பணம்

இசைக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. பிராசஸரோடு வரும் கிராபிக்ஸே கியூபேஸ், எஃப்எல் ஸ்டுடியோ, ஏபிள்டன், ரீப்பர் போன்ற இசை மென்பொருள் எதையும் திரையில் காட்டப் போதும். 4கே வீடியோ எடிட்டிங்கும் நீங்களே செய்கிறீர்கள் என்றால் மட்டும் யோசிக்கலாம். அங்கே மிச்சமாகும் பணத்தில் ரேம், நல்ல ஹெட்ஃபோன், சுவரில் அடிக்க எதிரொலியை உறிஞ்சும் கனமான ராக்வுல் பேனல் என்று பல வேலை நடக்கும். மிக்ஸ் கெட்டுப்போவதற்கு அறையின் எதிரொலி காரணமாக இருக்கும் அளவுக்கு கம்ப்யூட்டர் காரணமாக இருப்பதில்லை.

ரேமும் டிஸ்க்கும்

8 ஜிபி ரேம் வாங்காதீர்கள். 16 குறைந்தபட்சம், 32 நிம்மதி, பெரிய ஆர்கெஸ்ட்ரா சாம்பிள் லைப்ரரிகளோடு (வாத்தியங்களின் ஸ்வரங்களைப் பதிவு செய்து வைத்த தொகுப்புகள்) இருப்பவருக்கு 64. லேப்டாப் என்றால் ரேமை மாற்றும் இடம் இருக்கிறதா, போர்டிலேயே ஒட்டிவிட்டார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மெலிதான மாடல்களில் பெரும்பாலும் ஒட்டித்தான் வருகிறது. ஆப்பிளின் எம் வரிசை மேக்குகளில் பிறகு கூட்டவே முடியாது. வாங்கும் நாளில் எடுப்பதுதான் கடைசி வரை.

டிஸ்க் விஷயத்தில் நேர்மாறான தவறு நடக்கிறது. விநாடிக்கு 7,000 எம்பி படிக்கும் எஸ்எஸ்டிதான் வேண்டும் என்று தேடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் பதிவு செய்ய விநாடிக்கு 144 கேபி போதும். 16 மைக் வைத்து ஒரே நேரத்தில் எடுத்தாலும் 2.3 எம்பிதான். பழைய ஹார்டு டிஸ்க்கே இதைத் தாங்கும். எஸ்எஸ்டி உண்மையில் கைகொடுப்பது சாம்பிள் லைப்ரரிகளுக்கு. கான்டாக்ட் போன்ற சாம்ப்ளர்கள் ஒவ்வொரு ஸ்வரத்தின் தொடக்கத்தை மட்டும் ரேமில் வைத்துக்கொண்டு, மீதியை வாசிக்க வாசிக்க டிஸ்க்கிலிருந்து இழுக்கும். எக்கச்சக்கமான சிறு துண்டுகள், அங்கிருந்தும் இங்கிருந்தும். ஹார்டு டிஸ்க் அதில்தான் தோற்கிறது. விநாடிக்கு 550 எம்பி தரும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி பெரும்பாலானவர்களுக்கு இங்கே போதுமானது.

இதையே மேக் வாங்குகிறவர் தன் வசதிக்குத் திருப்பிக்கொள்ளலாம். எம்4 மேக் மினியின் அடிப்படை மாடல் 2024இல் 16 ஜிபி ரேம், 256 ஜிபி டிஸ்க்கோடு வந்தது. கூடுதல் பணம் இருந்தால் ரேமுக்குக் கொடுங்கள். லைப்ரரிகளை வெளியே ஒரு யுஎஸ்பி எஸ்எஸ்டியில் வைத்துக்கொள்ளலாம்; ஆப்பிள் டிஸ்க்குக்குக் கேட்கும் விலையில் நல்ல தொகை மிஞ்சும்.

சத்தம், சூடு, கரண்ட்

பெரும்பாலானவர்கள் இதை யோசிப்பதே இல்லை. நம்மூர் வீட்டு ஸ்டுடியோவுக்கு மிகவும் வேண்டிய விஷயமே இதுதான்.

மே மாதம், சென்னை. குரல் பதிவு. சீலிங் ஃபேனை நிறுத்தியாகிவிட்டது, ஏசியையும் நிறுத்தியாகிவிட்டது, ஜன்னலைச் சாத்தி திரையும் இழுத்தாகிவிட்டது. கால் மணி நேரத்தில் அறை வெந்துவிடும். அறை சூடாக ஆக மெலிதான லேப்டாப்பின் விசிறி வேகமெடுக்கும். பாடகர் அனுபல்லவியை மெதுவாகத் தொடும் இடத்தில், மூன்றடி தள்ளி இருக்கும் கண்டென்சர் மைக்கில் 'உய்ய்ங்' என்று ஒரு கோடு பதிவாகிவிடும். பிறகு அதை நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு நீக்கினால் குரலின் மூச்சும் ஈரமும் சேர்ந்தே போகும். இன்னும் சூடேறினால் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்போது 'டிக்' சத்தமும் வரும்.

அதனால் ஊர் ஊராகத் தூக்கிப் போக வேண்டிய தேவை இல்லாவிட்டால் டெஸ்க்டாப்பே மேல். பெரிய ஏர் கூலர், மெதுவாகச் சுற்றும் பெரிய விசிறிகள், காற்றோட்டமான கேபினெட். இல்லையென்றால் மேக் மினி; சாதாரண வேலையில் அதன் விசிறி காதுக்கே எட்டாது. இன்டர்ஃபேஸ்கள் பலவும் யுஎஸ்பி 2.0 தான், அதன் கேபிள் 5 மீட்டர் வரை போகலாம். கேபினெட்டை அறையின் மறு மூலைக்கு, முடிந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடலாம். சத்தத்துக்குப் பயந்து மூடிய அலமாரிக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

லேப்டாப்பில் இன்னொரு தொல்லை உண்டு. இரண்டு பின் சார்ஜரைச் செருகியதும் மெட்டல் உடம்பைத் தொட்டால் லேசாகக் கூசும். மின் வீணையோ கிட்டாரோ செருகினால் 'ஸ்ஸ்ர்ர்' என்று இரைச்சல் வரும். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது சார்ஜர் வழியாகத்தான் வருகிறது; இரண்டு பின் சார்ஜரில் எர்த் இணைப்பே கிடையாது. கம்ப்யூட்டரை மாற்றும் முன் அதற்கு மூன்று பின் சார்ஜர் கிடைக்குமா என்று பாருங்கள்; மூன்று பின் சார்ஜரிலும் இரைச்சல் வந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த சாக்கெட்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை என்றால் அதன் மேல் ஸ்டுடியோவை ஓட்ட வேண்டாம், ரீங்காரம் ஒலிக்குள் வந்துவிடும். சைன் வேவ் தேவை. டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் விலையையும் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள். நல்ல டேக் ஒன்றின் நடுவே கரண்ட் போனால் அதே பாவத்தோடு மறுபடி பாட வைப்பது கஷ்டம்.

மென்பொருளைப் பார்க்காமல் மெஷினை வாங்குவது

ஆப்பிளின் இசை மென்பொருளான லாஜிக் புரோ மேக்கிலும் ஐபேடிலும்தான் ஓடும், விண்டோஸில் ஓடாது. கேட்கச் சின்ன விஷயம், ஆனால் விண்டோஸ் லேப்டாப்பை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. ஸ்னாப்டிராகன் சிப் (ஆர்ம் வகை) போட்ட விண்டோஸ் லேப்டாப்பில் இன்னும் கவனம் தேவை. சாதாரண மென்பொருள்களை அது சமாளித்து ஓட்டிவிடும். இன்டர்ஃபேஸ் போன்ற கருவிகளை இயக்கும் டிரைவர்களை அப்படி ஓட்ட முடியாது. உங்கள் இன்டர்ஃபேஸ் கம்பெனி ஆர்ம் விண்டோஸுக்கென்று தனி டிரைவர் தந்திருந்தால்தான் வாங்கலாம்.

எம் வரிசை மேக்கிலும், இன்டெல் சிப்புக்கென்று எழுதிய பழைய பிளகின்கள் (இசை மென்பொருளுக்குள் சேர்க்கும் எஃபெக்ட், வாத்திய மென்பொருள்கள்) ரொசெட்டா என்ற ஆப்பிளின் மொழிமாற்றி மென்பொருளின் தயவில்தான் ஓடுகின்றன. ரொசெட்டாவை மேக்ஓஎஸ் 27 வரைதான் முழுமையாகத் தருவோம் என்று ஆப்பிள் 2025இல் அறிவித்துவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷினை மலிவாகக் கிடைக்கிறது என்று இப்போது வாங்குவதில் பொருளில்லை. எனவே கடைக்குப் போகும் முன் தினமும் பயன்படுத்தும் பிளகின்கள், இன்டர்ஃபேஸ், டாங்கிள் (மென்பொருள் உரிமம் இருக்கும் யுஎஸ்பி சாவி) எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் புது மெஷினில் ஓடுமா என்று அந்தந்தக் கம்பெனியின் தளத்தில் பாருங்கள். அதே தாளை வைத்து எத்தனை யுஎஸ்பி துளை வேண்டும் என்றும் எண்ணிவிடலாம். இன்டர்ஃபேஸை ஹப்பில் போடாமல் நேராகச் செருக ஒரு துளை கட்டாயம் ஒதுக்குங்கள்.

வாங்கிய முதல் வாரம்

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். விண்டோஸ் என்றால் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளை அரை மணி நேரம் ஓட விடுங்கள். எந்த டிரைவர் நடுநடுவே கம்ப்யூட்டரைப் பிடித்து நிறுத்துகிறது என்று அது பெயரோடு காட்டும். வைஃபை, கிராபிக்ஸ், லேப்டாப் பேட்டரி சம்பந்தப்பட்ட டிரைவர்கள்தான் வழக்கமாக மாட்டும். வைஃபையை அணைத்ததும் சரியாகிவிட்டால் பதிவின்போது அணைத்து வைத்துக்கொள்ளலாம். பவர் செட்டிங், டிரைவர் அப்டேட் எல்லாம் செய்தும் அது காட்டும் சிவப்பு எச்சரிக்கை மறையாவிட்டால் அந்த மாடலைத் திருப்பிக் கொடுங்கள். எவ்வளவு விலை உயர்ந்த பிராசஸராலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

பிறகு உங்களிடம் இருப்பதிலேயே கனமான பிராஜெக்டைத் திறந்து, பஃபரை 128இல் வைத்து, ஏசி இல்லாமல் ஒரு மணி நேரம் சுழல விடுங்கள். விசிறிச் சத்தத்தை மைக் வைத்துப் பதிவு செய்தே கேளுங்கள். கையில் இருக்கும் வேலையைப் பழைய கம்ப்யூட்டரிலேயே முடித்துக் கொடுத்துவிடுங்கள். பழைய பிராஜெக்டுகளின் ஒவ்வொரு டிராக்கையும் வேவ் ஃபைலாக எடுத்து வைத்த பிறகு அந்தக் கம்ப்யூட்டரை விற்றால் போதும். நாளை ஏதாவது ஒரு பிளகின் புது மெஷினில் திறக்காவிட்டாலும் பாட்டு கையில் இருக்கும்.